எட்டாவது பிளாட்பாரத்தின் பதினொரு இடைவெளிகள்

ராஜகீழ்ப்பாக்கத்தில் சாரோன் கார்டன்ஸ் என்றொரு அடுக்ககம் இருக்கிறது. அதன் விதிப் புத்தகத்தில் இருபத்திரண்டாவது விதிக்கு இரண்டே வரிகள். குடியிருப்பில் சங்கீதம் அனுமதிக்கப்படும். சத்தம் அனுமதிக்கப்படாது. பதினாறு ஆண்டுகளாக இந்த விதியால் யாருக்கும் தொல்லை வந்ததில்லை. இரண்டாம் தளத்தில் ஒரு வயலின் இருந்தது, அது சங்கீதம். முதல் தளத்தில் ஒரு கிரைண்டர் இருந்தது, அது சமையல். நான்காம் தளத்துக்கு ஹெப்சி வாடகைக்கு வந்த பிறகுதான், இரண்டு வரிகளுக்கும் நடுவில் ஏதோ ஒன்று வந்து நின்றுகொண்டு நகர மறுத்தது.

ஹெப்சிக்கு இருபத்தேழு வயது. பகலில் குரோம்பேட்டையில் காது கேட்கும் கருவி விற்கும் கடையில் வேலை. மீதி நேரத்தில் அவள் டிரான்ஸ் என்ற மின்னணு நடன இசை போடும் டிஜே. மூன்று ஆண்டுகள் உழைத்து ஒரு மிக்ஸ் ஆல்பம் செய்திருந்தாள். பன்னிரண்டு பாட்டுகள், எழுபத்துநான்கு நிமிடங்கள், நடுவில் ஓர் இடைவெளிகூடக் கிடையாது. ஒரு பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே அடுத்த பாட்டு அதன் அடியில் வந்து சேர்ந்துகொள்ளும். எப்போது வந்தது என்று கேட்பவருக்குத் தெரியாது. ஆல்பத்துக்கு ‘எட்டாவது பிளாட்பாரம்’ என்று பெயர் வைத்திருந்தாள். ஹெட்ஃபோனில் சரியாக இருப்பது ஸ்பீக்கரில் பிசகும் என்பதால், சனிக்கிழமை மாலைகளில் ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டாள்.

மூன்றாவது சனிக்கிழமை அடுக்ககச் செயலாளர் ஆபேல் படியேறி வந்தார்.

“ஹெப்சி, இது என்னம்மா?”

“டிரான்ஸ், அங்கிள்.”

“அது இருக்கட்டும். சங்கீதமா, சத்தமா?”

“உங்களுக்கு எப்படித் தோணுது?”

“எனக்கு எப்படித் தோணக் கூடும்? நான் செக்ரட்டரி. எனக்கு ஒண்ணும் தோணக் கூடாது. தோணுச்சுன்னா அது பார்ஷியாலிட்டி.”

அவர் கையில் ஒரு கடிதம் இருந்தது. தாம்பரம் வட்டார இசை மதிப்பீட்டுக் குழுவிடமிருந்து ‘இது சங்கீதமே’ என்று முப்பது நாளுக்குள் சான்று வாங்கி வர வேண்டும். வாங்காவிட்டால் ஸ்பீக்கர் வெளியே போக வேண்டும், அல்லது ஹெப்சி வெளியே போக வேண்டும். அந்த ஸ்பீக்கர்களுக்காகவே சேலையூரில் ஒரு வீட்டையும் மாடம்பாக்கத்தில் ஒரு வீட்டையும் அவள் ஏற்கெனவே இழந்திருந்தாள். அந்தப் பகுதி வீட்டுத் தரகர்கள் எல்லாரிடமும் அவளுடைய பெயர் இருந்தது. இதுவும் போனால் அடுத்த வீடு செங்கல்பட்டுக்கு அப்பால்தான் என்று ஒருவர் அன்பாகவே சொல்லியிருந்தார்.

விண்ணப்பப் படிவம் ஒன்பது பக்கம். ஐந்தாம் பக்கத்தில் ‘பாடல் வரிகள், மூன்று நகல்கள்’ என்று கேட்டிருந்தது. ஹெப்சி ‘வரிகள் இல்லை’ என்று எழுதி அனுப்பினாள். குழுவின் செயலாளர் சுந்தர்சிங் தொலைபேசியில் அழைத்தார்.

“வரி இல்லைன்னா பரவாயில்லம்மா. நகல் ஏன் இல்ல?”

“இல்லாததுக்கு எப்படி சார் நகல்?”

“அது உங்க சௌகரியம். மூணு வேணும். கெஜடட் ஆபீசர் கையெழுத்தோட.”

அவள் மூன்று வெள்ளைத் தாள்களை எடுத்துக்கொண்டு, சர்ச்சில் பழக்கமான ஓர் அரசுக் கல்லூரிப் பேராசிரியரிடம் போனாள். அவர் மூன்றிலும் ‘உண்மை நகல்’ என்று முத்திரை குத்திக் கையெழுத்திட்டார். சுந்தர்சிங் அவற்றை வெளிச்சத்தில் பிடித்து, ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்த்தார். இரண்டாவது தாளைத் திரும்பவும் ஒரு முறை பார்த்தார்.

“சரியா இருக்கு,” என்றார். “நிறைய பேர் இதுலதான் தப்பு பண்ணுவாங்க.”

கடிதம் வந்து பதினான்காவது நாள், சனிக்கிழமை காலை, குழு கூடியது. கிழக்குத் தாம்பரத்தில் குழுத் தலைவர் ஏகநாதனுக்குச் சொந்தமான கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடம்தான் அலுவலகம். நீளமான ஸ்டீல் மேசைக்குப் பின்னால் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஏகநாதன். வலப்பக்கம், வீணை கற்றுக்கொடுக்கும் சாமுண்டீஸ்வரி. இடப்பக்கம், ஒரு பித்தளை மணியுடன் சுந்தர்சிங். வாசலில் எல்லம்மா தேநீர்ப் பாத்திரத்தோடு நின்றாள்.

ஏகநாதன் தொண்டையைச் செருமிக்கொண்டார். “எங்க குழு ஆரம்பிச்சு ஒம்பது வருஷம் ஆச்சு. இதுவரைக்கும் எங்க தீர்ப்ப ஒருத்தர்கூட தப்புன்னு சொன்னதில்ல. ஏன்னா நாங்க இன்னும் தீர்ப்பு சொன்னதில்ல. அவ்ளோ நிதானம். இந்த மண்டபம் இருக்கற இடம் முன்னாடி எங்க கத்திரித் தோட்டம். தொட்டுப் பாத்தே சொத்தையான்னு சொல்லிடுவோம். அந்தக் கைதான் இது.” கையைக் காட்டினார். “பாட்டுன்னா மட்டும் என்ன, தனியாவா ஒரு கை வேணும்? நீ எங்கம்மா வேலை பாக்கற?”

“குரோம்பேட்டைல, காது மெஷின் கடைல சார்.”

ஏகநாதனின் முகம் சற்று மாறியது. “அப்போ எங்களுக்குக் காது சரியில்லன்னு சொல்ல வர்றியா?”

“இல்ல சார்.”

“சுந்தர்சிங், எழுதிக்கோங்க. மனுதாரர் குழுவின் காதுகளில் குறை ஏதும் காணவில்லை.”

சாமுண்டீஸ்வரி தன் முறை வந்ததாக நினைத்துப் பேசினார். “நான் முப்பது வருஷமா ஜட்ஜா போறேன். பிடிக்கலைன்னா முகத்துல காட்ட மாட்டேன். பிடிச்சாலும் காட்ட மாட்டேன். இப்பல்லாம் எனக்கே தெரியறதில்ல. நீ தைரியமா ஆரம்பி.”

சுந்தர்சிங் விதிகளை வாசித்தார். பாட்டு நடக்கும்போது மதிப்பெண் போடுவது கலைஞரை அவமதிப்பதாகும். எனவே ஒரு பாட்டு முடிந்து, மணி அடித்து, அமைதி நிலவும்போது மட்டுமே பேனாக்கள் திறக்கப்படும். தேநீரும் அப்போதுதான். எழுந்து நடமாடுவதும் அப்போதுதான்.

ஹெப்சி இதைக் கேட்டு ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் சுந்தர்சிங், தொடங்கலாம் என்று மணியை ஒருமுறை ஆட்டிவிட்டார்.

முதல் பாட்டு போனது. இரண்டாவது வந்தது. இருபது நிமிடம் ஆனது. ஏகநாதன் நாற்காலியில் நெளிந்தார். அவருக்குச் சர்க்கரை வியாதி. அடிக்கடி எழுந்து போக வேண்டியவர்.

டிரான்ஸ் இசையில் ஓர் இடம் உண்டு. தாளம் நின்றுவிடும். ஒரே ஒரு நீண்ட சுரம் மட்டும் மிதந்துகொண்டிருக்கும். ஆடுகிறவர்கள் கையைத் தூக்கியபடி காத்திருப்பார்கள். பிறகு தாளம் மொத்தமாக வந்து விழும். இருபத்திரண்டாம் நிமிடத்தில் அப்படித் தாளம் நின்றபோது, சுந்தர்சிங் மணியைத் தலைக்கு மேல் தூக்கினார். சாமுண்டீஸ்வரி பேனாவைத் திறந்து உயர்த்தினார். ஏகநாதன் இரண்டு கையையும் மேசையில் ஊன்றிப் பாதி எழுந்தார். எல்லம்மா தட்டோடு ஒரு காலை உள்ளே வைத்தாள். சுரம் மேலே மேலே போயிற்று. அவர்களும் அதோடு போனார்கள். தாளம் வந்து விழுந்தது. எல்லாரும் உட்கார்ந்தார்கள். எல்லம்மா காலைப் பின்னால் எடுத்துக்கொண்டாள்.

இப்படி ஏழு முறை நடந்தது. நான்காவது முறைக்குப் பிறகு யாரும் தப்பாகக் கை தூக்கவில்லை; சரியான இடத்தில் தூக்கி, சரியான இடத்தில் இறக்கினார்கள். ஹெப்சி கோவாவில் ஒரு முறை கடற்கரை நிகழ்ச்சிக்குப் போயிருக்கிறாள். அங்கேகூட இவ்வளவு ஒற்றுமையை அவள் பார்த்ததில்லை.

“இன்னாம்மா இது,” என்று எல்லம்மா வாசலிலிருந்து கேட்டாள். “முடியற மாதிரி முடியற மாதிரி காட்டி ஏமாத்திகினே கீது. டீய மூணு வாட்டி சுட வெச்சிட்டேன்.”

“சாரிக்கா.”

“எனக்கு இன்னா சாரி. தோ, அந்த அண்ணனப் பாரு, மூஞ்சியே நீலமா பூட்ச்சு.”

எழுபத்துநான்காவது நிமிடத்தில் இசை நின்றது. சுந்தர்சிங் மணியை அடித்தார். ஏகநாதன் அது ஓய்வதற்குள் கூடத்தைவிட்டுப் போயிருந்தார். திரும்பி வந்து உட்கார்ந்தபோது அவர் முகத்தில் நீதியும் நிம்மதியும் கலந்திருந்தன.

“விண்ணப்பத்துல பன்னெண்டு பாட்டுன்னு எழுதியிருக்கு,” என்றார் சுந்தர்சிங். “நான் மணி அடிச்சது ஒரு தடவ. மிச்சம் பதினொண்ணு எங்க?”

“எல்லாம் உள்ளதான் சார் இருக்கு. ஒண்ணோட ஒண்ணு சேர்ந்திருக்கு.”

“அதாவது, பதினொரு பாட்ட மறைச்சு வெச்சிருக்க,” என்றார் ஏகநாதன்.

“மறைக்கல சார். எங்க முடியுதுன்னு தெரியாமப் பண்றதுதான் இதுல வேலையே.”

“மறைக்கறவன் எல்லாம் அதத்தான் சொல்லுவான்.”

பாட்டு எங்கே முடிந்து எங்கே தொடங்குகிறது என்று கண்டுபிடிக்க நிபுணர் ஒருவரை அழைப்பதென்று முடிவாயிற்று. அடுத்த சனிக்கிழமை நிபுணர் வந்தார். மோகன்ராஜ், ரயில்வேயில் ஷன்ட்டிங் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தாம்பரம் யார்டில் முப்பத்தைந்து வருடம் பெட்டியோடு பெட்டியைச் சேர்த்தவர். இரண்டு பொருள்கள் சேரும் இடத்தைப் பற்றி வட்டாரத்தில் அவரைவிட விவரம் தெரிந்தவர் இல்லை என்று ஏகநாதன் அறிமுகம் செய்தார்.

மோகன்ராஜ் நாற்காலி வேண்டாம் என்றார். ஸ்பீக்கர் வைத்திருந்த மேசையில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, எழுபத்துநான்கு நிமிடமும் நின்றபடியே கேட்டார். ஒரு கட்டத்தில் கண்ணை மூடினார். மற்றொரு கட்டத்தில் தலையை லேசாக ஆட்டி, ‘ம்’ என்றார். முடிந்த பிறகுதான் கையை எடுத்தார்.

“எத்தன எடத்துல சேருது?” என்று கேட்டார் சுந்தர்சிங்.

“தெரில.”

“ஒரு இடம்கூடவா?”

“ஒண்ணுகூட தெரில சார். அதான் விசயமே. பொட்டிய பொட்டியோட சேக்கறப்போ, உள்ள குந்திகினு கீறவன் கையில டீ இருந்தா சிந்தக் கூடாது. அதான் எங்க வேலைல மேல்படிப்பு. முப்பத்தஞ்சு வருசத்துல எனக்கு அப்டி அமைஞ்சது நாலு வாட்டியோ அஞ்சு வாட்டியோ. இந்தப் பொண்ணு பதினோரு வாட்டி சேத்துகீது, பதினோரு வாட்டியும் சிந்தல.” அவர் ஹெப்சியின் பக்கம் திரும்பினார். “யாரும்மா உனுக்கு சொல்லிக்குடுத்தது?”

“நானே கத்துக்கிட்டேன் சார்.”

“நல்லா இரு.”

மூன்று ஆண்டுகளில் அந்த இணைப்புகளைப் பற்றி யாரும் அவளிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஹெப்சி தரையைப் பார்த்துக்கொண்டாள். கண் கலங்கினால் அதையும் யாராவது எழுதிக்கொள்வார்கள் என்று பயமாக இருந்தது.

சுந்தர்சிங் ஏற்கெனவே எழுதிக்கொண்டிருந்தார். எழுதியதை உரக்கப் படித்தார்: “நிபுணரால் ஓர் இணைப்பையும் கண்டறிய முடியவில்லை. ஆகவே இணைப்புகள் இல்லை. இணைப்புகள் இல்லாததால் பன்னிரண்டு பாட்டுகளும் இல்லை.”

“யோவ்,” என்றார் மோகன்ராஜ். “நான் நல்லாகீதுன்னு சொன்னேன்யா.”

“நல்லா இருக்குன்றது உங்க கருத்து. தெரியலைன்றது தகவல். குழு தகவலத்தான் எடுத்துக்கும்.”

“அப்போ என்ன இன்னாத்துக்குக் கூப்டே?”

“கருத்து சொல்ல,” என்றார் சுந்தர்சிங்.

இருந்தாலும் குழு இரக்கமற்றது அல்ல. ஹெப்சிக்கு இன்னொரு வாய்ப்பு தரப்பட்டது. ஒவ்வொரு பாட்டுக்கும் நடுவில் இரண்டு நிமிட அமைதி வைத்துக் கொண்டுவந்தால், குழு மதிப்பெண் போடத் தயாராக இருந்தது. கெடு முடிய ஒன்பது நாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து, ஹெப்சி கணினியின் முன் உட்கார்ந்தாள். ஆறாவது பாட்டையும் ஏழாவது பாட்டையும் சேர்ப்பதற்கு மட்டும் அவளுக்கு நான்கு மாதம் ஆகியிருந்தது. அதை வெட்ட நான்கு நொடி ஆனது. பதினொன்றையும் வெட்டினாள். நடுவில் வெறும் அமைதியை இரண்டிரண்டு நிமிடமாக அளந்து ஒட்டினாள். மென்பொருளுக்கு எது பாட்டு, எது அமைதி என்று தெரியாது. எல்லாவற்றையும் ஒன்றிலிருந்து இருபத்துமூன்று வரை எண் போட்டுத் தனித்தனிக் கோப்பாகப் பிரித்துக் கொடுத்தது. ஹெப்சிக்கு அதைத் திருத்தும் மனநிலை இல்லை. அப்படியே பென் டிரைவில் ஏற்றினாள்.

சுந்தர்சிங் அந்தப் பட்டியலைப் பார்த்து இருபத்துமூன்று கட்டங்கள் வரைந்தார். யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

மூன்றாவது அமர்வு எல்லாருக்கும் பிடித்திருந்தது. முதல் பாட்டு முடிந்து மணி அடித்ததும் பேனாக்கள் திறந்தன, தேநீர் வந்தது, ஏகநாதன் எழுந்து போனார். மதிப்பெண் போடுகிற நேரத்தில் எது கேட்டதோ அதற்கே மதிப்பெண் போடுவது அந்தக் குழுவின் வழக்கம். பாட்டுக்குரிய கட்டத்தில் நினைவிலிருந்து ஏதோ ஓர் எண்ணை எழுதினார்கள். அமைதிக்குரிய கட்டத்தில் நேரடியாகக் கேட்டு எழுதினார்கள். ஆறாவது இடைவெளியில் விமானப்படை நிலையத்திலிருந்து கிளம்பிய ஒரு விமானம் கூரைக்கு மேலே மெல்லத் தேய்ந்து மறைந்தது. சாமுண்டீஸ்வரி தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார்.

“இந்த இடம் இருக்கே,” என்றார், “இது பயிற்சியால வராது.”

பதினொரு தேநீர் குடித்த பின் குழு தீர்ப்பு சொன்னது. ஒன்பது ஆண்டுகளில் அதன் முதல் தீர்ப்பு அது. பாட்டுகளுக்குச் சராசரி நூற்றுக்குப் பதினான்கு. இடைவெளிகளுக்குத் தொண்ணூற்றாறு. உச்சரிப்பில் ஒரு பிழையும் இல்லை. சுருதி எங்கும் விலகவில்லை. பொன்னிற ஓரம் போட்ட சான்றிதழில் ‘செல்வி ஹெப்சி, இடைவெளிச் சங்கீதம், முதல் தரம்’ என்று எழுதியிருந்தது.

“சின்ன வயசுல இவ்ளோ அடக்கமா வாசிக்கறது பெரிய விஷயம்,” என்றார் ஏகநாதன். “பாட்டுலதான் கொஞ்சம் அவசரப்படற.”

ஹெப்சி சான்றிதழை ஆபேலிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவர் கண்ணாடியை மாற்றிக்கொண்டு இரண்டு தடவை படித்தார்.

“கங்கிராட்ஸ்மா. இடைவெளி சங்கீதம்னு தெளிவாப் போட்டிருக்காங்க. தாராளமா வாசிச்சுக்கோ. சனிக்கிழமை நாலுலேர்ந்து ஆறு. ஸ்பீக்கர்லயே போடு, எவ்ளோ சத்தமா வேணும்னாலும்.”

“பாட்டு, அங்கிள்?”

“பாட்டப் பத்தி இதுல ஒண்ணும் இல்லியே. பதினாலு மார்க் வாங்கினது எப்படிம்மா சங்கீதமாகும்? அது சத்தம். நாளன்னிக்குள்ள எடுத்துடு.”

கெடுவுக்கு இரண்டு நாள் இருந்தது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலை ஹெப்சி ஆராதனைக்குப் போகாமல் மண்டபத்துக்குப் போனாள். அன்று அங்கே ஒரு வளைகாப்பு. குழு சமையலறையில் கூடியது. சான்றிதழைத் திருத்தச் சொல்லிக் கெஞ்சுவதென்றுதான் அவள் வந்திருந்தாள். திருத்தம் என்ற சொல்லைக் கேட்டதும் மூன்று முகங்களும் மூடிக்கொண்டன. அவள் ஒரு நிமிடம் யோசித்தாள்.

“திருத்த வேணாம் சார்,” என்றாள். “ஒரு சந்தேகம் மட்டும். இடைவெளின்னா ரெண்டுக்கு நடுவுல வர்றது. அந்த ரெண்டும் இல்லாம நான் அத எப்படி வாசிக்கறது?”

சமையலறையில் யாரோ அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தார்கள். ஏகநாதன் சாமுண்டீஸ்வரியைப் பார்த்தார்.

“நியாயம்தானே,” என்றார் சாமுண்டீஸ்வரி. “அந்தப் பொண்ண தனியா மேடைல உக்கார வெச்சா எப்படி? பக்கவாத்தியம் வேணாமா?”

“நம்ம குழுவோட ஒரே முதல் தரக் கலைஞர்,” என்றார் ஏகநாதன். “பக்கவாத்தியம் குடுக்கலைன்னா நமக்குத்தான் அசிங்கம்.”

சுந்தர்சிங் சான்றிதழின் அடியில் எழுதி முத்திரை வைத்தார்: ‘மேற்படி இடைவெளிகளுக்குப் பக்கவாத்தியமாக, மேற்படி பன்னிரண்டு பாட்டுகளும் வாசிக்கப்படலாம்.’

ஹெப்சி அதை வாங்கிக்கொண்டாள். வாசல் வரை போய்த் திரும்பினாள். “இடைவெளி எவ்வளவு நேரம் இருக்கணும் சார்?”

ஏகநாதனுக்கு உண்மையாகவே வருத்தமாகிவிட்டது. “என்னம்மா கேள்வி இது? முதல் தரம்னு குடுத்துட்டோம். அப்புறம் கலைஞரோட சுதந்திரத்துல நாங்க தலையிடுவோமா? நீ எவ்ளோ நேரம் வாசிச்சாலும் அது இடைவெளிதான்.”

அந்த வாரம் முழுவதும், கடையிலிருந்து வந்ததும் ஹெப்சி வெட்டியவற்றையெல்லாம் திரும்பச் சேர்த்தாள். ஒவ்வோர் இணைப்பின் நடுவிலும் ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு அமைதி வைத்தாள். சட்டம் சட்டம்தான்.

சனிக்கிழமை நான்கு மணிக்கு ‘எட்டாவது பிளாட்பாரம்’ நான்காம் தளத்தில் தொடங்கியது. பத்து நிமிடத்தில் ஆபேல் கதவைத் தட்டினார். ஒரு கையில் அடிக்குறிப்போடு அவள் கொடுத்திருந்த சான்றிதழின் நகல், மறு கையில் அடுக்ககப் பதிவேடு.

“பக்கவாத்தியம் கேக்குது,” என்றார். “கலைஞர் எங்க?”

“இப்பதான் அங்கிள் போச்சு.”

“எப்போ?”

“நீங்க கதவத் தட்டினப்போ.”

“அடுத்தது எப்போ வரும்?”

“இன்னும் ஒரு ஆறு நிமிஷம்.”

“நான் இருந்து கேட்டுட்டுப் போறேன். பதிவேட்டுல எழுதணும்ல.”

உள்ளே வந்து நின்றார். ஆறு நிமிடம் கழித்து, “வந்துச்சா?” என்று கேட்டார். வந்து போய்விட்டது என்றாள் ஹெப்சி. ஆபேல் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், ஸ்பீக்கரைப் பார்த்தார், காதை அதன் அருகே கொண்டுபோனார். அடுத்ததும் போய்விட்டது. எட்டாவது இடைவெளி வரும் என்று அவள் சொன்ன நேரத்தில், அவர் மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு நின்றார். ஸ்பீக்கரின் அதிர்வு அவர் சட்டைப் பொத்தான்களை மெல்ல உதறிக்கொண்டிருந்தது. எழுபத்துநான்காவது நிமிடத்தில் எல்லாம் முடிந்தபோது, அவர் அறையின் நடுவில் அப்படியே நின்றார்.

“ஒண்ணுகூட கேக்கலியேம்மா,” என்றார்.

“முதல் தரம் அங்கிள். கொஞ்சம் பழகணும்.”

ஆபேல் தலையாட்டினார். தனக்கு ஒன்றும் தோன்றக் கூடாது என்பதில் உறுதியாக இருக்கும் மனிதர் அவர். மணி ஐந்தேகால்தான் ஆகியிருந்தது. விதிப்படி இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது. அவர் கீழே இறங்கிப் போய், தன் வீட்டிலிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு நான்கு மாடி ஏறி வந்தார். ஸ்பீக்கர்களுக்கு எதிரே போட்டு உட்கார்ந்து, பேனாவைத் திறந்துகொண்டார்.

“மொதல்லேர்ந்து போடு,” என்றார்.